இக்னாஸ் செம்மல்வைஸ்

நோய் தீர்க்கும் கையே நோயைச் சுமந்து செல்லவும் கூடும் என்னும் உண்மையை மெய்ப்பித்து, இகழ்ச்சியையே பரிசாகப் பெற்றவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர். 1818-ஆம் ஆண்டு ஹங்கேரி நாட்டுப் பூடா நகரிற் பிறந்த இவர், வியன்னாவில் மருத்துவம் பயின்று, 1846-இல் அந்நகரப் பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பகுதியில் துணை மருத்துவராக அமர்ந்தார்.

ஆங்கு மகப்பேற்றுப் பகுதிகள் இரண்டு இருந்தன. மருத்துவ மாணவர் பயின்ற முதற்பகுதியில், பிரசவ ஜுரத்தால் மாண்ட தாய்மார் நூற்றுக்குப் பதின்மர் அளவினர். மருத்துவச்சியர் பயின்ற மற்றதிலோ நால்வரினும் குறைவு. முதற்பகுதியிற் சேர்க்க வேண்டாவெனப் பெண்கள் மன்றாடி அழுதனர். காற்றின் கேடே காரணம் என்றனர் அறிஞர். ஈரிடத்தும் வீசுவது ஒரே காற்றன்றோ என்று எண்ணினார் செம்மல்வைஸ். இறப்போரை நாடி வரும் குருவானவரின் மணியோசை தாய்மாரை அச்சுறுத்துகின்றதோ என ஐயுற்று, மணியின்றி வேறு வழியே வருமாறு அவரை வேண்டினார். அதனாலும் பயன் விளையவில்லை.

1847 மார்ச்சு மாதத்தில் இவர்தம் நண்பராகிய பேராசிரியர் கொலெட்ச்கா, பிணச் சோதனையின்போது ஒரு மாணவனது கத்தி விரலிற் பட்டு, அப்புண்ணால் இறந்தார். அவர் உடலிற் கண்ட குறிகள் அத்தாய்மார் உடலிற் கண்டனவற்றையே ஒத்திருந்தன. புதிர் அவிழ்ந்தது. பிணத்தை அறுத்த கையோடு மாணவர் பிரசவ அறைக்கு வந்தனர்; மருத்துவச்சியரோ பிணத்தைத் தொட்டிலர்.

அவ்வாண்டு மே மாதம் முதல், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவிய பின்னரே தாய்மாரைத் தொடவேண்டும் என விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெண்மராக இருந்த சாவு, ஜூனில் இருவராகக் குறைந்தது. பின்னர் நோயுற்ற ஒருத்தியின் அழுகிய புண்ணிலிருந்தும் நஞ்சு பரவக் கண்டு, ஒவ்வொருவரைத் தொட்ட பின்னும் கைகழுவச் செய்தார். 1848-இல் மார்ச்சு, ஆகஸ்டு மாதங்களில் அப்பகுதியில் ஒரு தாயும் இறக்கவில்லை.

ஆயினும், தம் கையே கொன்றது என்று ஒப்ப மருத்துவர் பலர்க்கு மனம் இசையவில்லை. 1849-இல் இவர் பதவி நீட்டிக்கப்படவில்லை. பெஸ்டு நகர் சென்று ஆங்கும் தாய்மாரைக் காத்தார். தம் முடிபுகளை நூலாக்கத் தாழ்த்தி, 1861-இலேயே வெளியிட்டார்; மறுத்தோரைக் கொலைஞர் எனக் கடிதங்களிற் சாடியது பகையையே வளர்த்தது. 1865-இல் வியன்னாவில் மனநோயர் இல்லத்தில் அடைக்கப்பட்டு, இரு வாரங்களில், புண் வழியே குருதி நஞ்சேறி, நாற்பத்தேழாம் வயதில் மறைந்தார்.

ஈராண்டு கழித்து லிஸ்டர் தம் கிருமியழிப்பு முறையை வெளியிட்டார். 1879-இல் பாஸ்டர் பிரசவ ஜுரக் கிருமியைக் காட்டினார். இன்று மருத்துவமனைதோறும் தொற்றுத் தடுப்பின் முதல் விதி கைகழுவுதலே. கற்றோர்க்குத் தம் பிழையை ஒப்பும் பணிவு இல்லையாயின், அதன் விலையைப் பிறர் உயிரால் செலுத்த நேரும் என்பதை இவர் வாழ்க்கை உணர்த்துகின்றது.