டாக்டர் சுப்பராவ்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில், சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரம் அம்மையார் 1947-ம் வருஷத்தில் தொடங்கிய அந்த ஸ்தாபனத்தில், கதர்த் தொண்டும் வைத்தியத் தொண்டும் ஒருங்கே வளர்ந்தன. கதரையும் வைத்தியத்தையும் நேசித்த வேறொரு பாரத புத்திரர், அதே 1947-ல், கடல் கடந்த நாட்டில், குழந்தைகளைக் கொல்லும் கொடிய நோயொன்றுக்கு மருந்து தந்தார். அவரே டாக்டர் எல்லாப்பிரகட சுப்பராவ். அவருடைய சரித்திரத்தை நம் ஜில்லா வாலிபர்கள் அறிந்திருப்பது அவசியமென்று கருதுகிறோம்.

சுப்பராவ் 1895-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி, அக்காலத்துச் சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். ஏழ்மையில் வளர்ந்து, சென்னை வைத்தியக் கல்லூரியை அடைந்தார். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு அங்கே கதர் உடுத்தினார். ரண சிகிச்சை போதித்த ஆங்கிலப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. மற்றப் பாடங்களில் நன்கு தேறியும், சுப்பராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. சர்க்கார் வைத்திய உத்தியோகமும் கிட்டவில்லை. ஆயுர்வேதக் கல்லூரியொன்றில் ஆசிரியராக அமர்ந்தார். சகோதரர் இருவரை ஸ்ப்ரூ என்னும் கழிச்சல் நோய்க்குப் பலி கொடுத்த துயரமும் அவரை வாட்டியது.

1920-களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்கா சென்றார். ஆஸ்பத்திரியில் இரவு நேர ஊழியம் செய்து வயிறு வளர்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆராய்ச்சி நடத்தினார். பிஸ்க் என்ற பேராசிரியருடன் சேர்ந்து, இரத்தத்திலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். அங்கும் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி மருந்து ஆராய்ச்சிசாலையில் சேர்ந்து, அதன் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தார். போலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்யும் வழியை அவருடைய குழுவினர் கண்டனர். சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கே அது மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கான மருந்தும் அக்குழுவின் உழைப்பில் விளைந்ததே.

இனி அந்தக் கொடிய நோயைப் பார்ப்போம். நிணநீர் அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவது மனிதருக்கு மட்டும் நேர்வதன்று. நாய்க்கும் மாட்டுக்கும் உண்டு. கோழிகளில் லுகேமியா ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுவதை 1908-லேயே டென்மார்க் விஞ்ஞானிகள் எல்லர்மானும் பாங்கும் காட்டினர். கோழிப் பண்ணையாளர் அஞ்சும் மாரெக் நோயும் வைரஸினால் வரும் நிணநீர்க் கட்டியே. அதற்குத் தடுப்பூசி உண்டு. குழந்தைகளுக்கு வரும் லுகேமியாவில் பெரும்பாலானதும் இந்த நிணநீர் அணுக்களைப் பற்றியதே. 1947 வரை அதற்கு மருந்தில்லை. சில வாரங்களிலோ மாதங்களிலோ மரணம் நிச்சயமாயிருந்தது.

பாஸ்டன் நகரத்து டாக்டர் பார்பர் இதற்கு வழி தேடினார். போலிக் அமிலத்தைச் சேர்ந்த பொருள்கள் நோயை வளர்ப்பதாகக் கண்ட அவர், அதன் எதிரியை நாடினார். சுப்பராவின் குழுவினர் அமினோப்டெரினைச் செய்து அனுப்பினர். திண்டுக்கல் பூட்டை அறிந்தவர்களுக்கு அது வேலை செய்யும் விதம் எளிதில் விளங்கும். உண்மைச் சாவியைப்போலவே வடிவெடுத்த பொய்ச்சாவி பூட்டுக்குள் நுழைந்து சிக்கிக்கொண்டால், பிறகு உண்மைச் சாவிக்கும் இடமில்லை. அவ்வாறே போலிக் அமிலத்தின் வேலை தடைப்பட, வேகமாய்ப் பெருகும் நோயணுக்கள் பெருக வழியின்றி மடிகின்றன.

16 குழந்தைகளுக்கு மருந்து கொடுத்ததில் 10 பேருக்குக் குணம் தெரிந்ததென 1948 ஜூனில் பார்பர் வெளியிட்டார். அந்தக் குணம் தாற்காலிகமே. ஆயினும் மூடிக்கிடந்த கதவு திறந்தது. அதே குலத்தைச் சேர்ந்த மெதோட்ரெக்ஸேட் இன்றும் இந்நோய்க்குக் கொடுக்கப்படுகிறது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையினால், செல்வ நாடுகளில் இந்நோயுற்ற குழந்தைகளில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். இதையெல்லாம் காண சுப்பராவ் இருக்கவில்லை. 1948 ஆகஸ்டில், தமது 53-வது வயதில், நியூயார்க்கில் காலமானார். தாய்நாட்டுக்கு அவர் திரும்பவேயில்லை.

அந்நிய ஆட்சி அவரை மதிக்கவில்லை என்று குறைகூறி நின்றுவிடுவது நமக்கு அழகன்று. திண்டுக்கல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி 2022-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி, அதாவது சுப்பராவின் பிறந்த தினத்தன்றே, திறக்கப்பட்டது. ஏழை மாணவரின் ஆராய்ச்சி ஆர்வம் அங்கே ஆதரவின்றி வாடக் கூடாது. சுற்றுவட்டக் கிராமத்துக் குழந்தையொன்று விடாத ஜுரத்தாலும், வெளிறிய உடலாலும், கழுத்துக் கட்டியாலும் வருந்தினால், தாமதமின்றி அதன் இரத்தத்தைப் பரிசோதிக்க ஏற்பாடு வேண்டும். மருந்து கண்டவர் நம்மவர். அது நம் குழந்தைக்குக் காலத்தில் கிட்டாமற்போனால் அந்தப் பெருமை வெறும் பேச்சாகவே முடியும். பொதுஜனங்களும் சர்க்காரும் இதைக் கவனிப்பார்களென நம்புகிறோம்.