கரியில் ஓடிய பஸ்கள்: டி.வி. சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கை

மதுரை மாநகரின் மேற்கே, தேனி சாலையும் பைபாஸ் ரோடும் சந்திக்கும் இடத்திற்குக் காளவாசல் என்று பெயர். செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகின்ற சூளையையே நம் முன்னோர் காளவாசல் என்றழைத்தனர். இன்று அந்தச் சந்திப்பில் நிற்போர் காண்பது சூளைப் புகையையன்று; மேம்பாலத்தின் மேலும் கீழும் ஓயாது ஓடும் பஸ்களையும் லாரிகளையுமே. அதே பைபாஸ் ரோட்டில்தான் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மதுரைத் தலைமை அலுவலகமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரில் அது தொடங்கப்பட்டபோது, அரசுடைமையாக்கப்பட்ட டி.வி.எஸ். பஸ்களே அதன் அடித்தளமாக அமைந்தன. அந்த மூன்று எழுத்துக்களுக்கு உரியவர் யார் என்று கேட்டால் நம் தோழியரில் பலர் ஒரு மொபெட்டின் பெயரையோ மோட்டார் சைக்கிளின் பெயரையோ சொல்லக்கூடும். ஆகவே அவரைப் பற்றி இங்கே எழுத முற்பட்டோம்.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள், நெல்லைச் சீமையிலுள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். நம்பி கோயிலால் புகழ்பெற்ற ஊர் அது. மோட்டார்த் தொழிலுக்கும் அவ்வூருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவரும் முதலில் வழக்கறிஞராகத்தான் வாழ்க்கையைத் தொடங்கினார். பின்னர் ரயில்வேயில் வேலை பார்த்தார். பின்னர் ஒரு வங்கியில். மாதச் சம்பளம் தவறாமல் வரும் உத்தியோகத்தை விட்டுவிட்டு, முப்பது வயதைத் தாண்டிய குடும்பஸ்தர் ஒருவர் சொந்தத் தொழிலில் இறங்குவதென்றால், அந்நாளில் சுற்றத்தார் எப்படிப் பேசியிருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1911-ல் அவருடைய நிறுவனம் தோன்றியது. 1912-ல் மதுரையில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கினார். மாட்டு வண்டியும் ஜட்காவும் ஆண்ட காலம் அது. மாட்டு வண்டிக்குக் கால அட்டவணை கிடையாது. புறப்பட்டபோது புறப்படும், சேர்ந்தபோது சேரும். பஸ்ஸோ, குறித்த நேரத்தில் வந்தால்தான் பஸ். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்து கொண்டதாக மதுரைப் பெரியவர்கள் சொல்லும் பேச்சு இன்றளவும் வழங்கி வருகிறது. பேச்சில் சற்று மிகை இருக்கலாம். ஆயினும் அப்படி ஒரு பேச்சு எழவேண்டுமானால், நடுவழியில் நின்றுபோகும் பஸ்கள் அரிதாக இருந்திருக்க வேண்டுமல்லவா?

நிற்காமல் ஓடுவது அத்தனை எளிதன்று. பெட்ரோல் எஞ்ஜின் நின்றுபோவதற்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. பெட்ரோல் வந்து சேராமல் போவது ஒன்று. பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறி வராமல் போவது மற்றொன்று. அந்தத் தீப்பொறி பிறக்கும் வழியைச் சற்றுப் பார்ப்போம். பாட்டரியிலிருந்து 6 வோல்ட் அல்லது 12 வோல்ட் மின்சாரம் சாவி வழியாக இக்னிஷன் காயிலுக்குப் போகிறது. மெக்கானிக்குகள் பிளாட்டினம் என்று அழைத்த இரு சிறு முனைகள் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் இயங்குகின்றன. அவை விலகும் கணத்தில் காயிலில் பதினாயிரம் வோல்ட்டுக்கும் மேலான அழுத்தம் எழுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அதை முறைப்படி ஒவ்வொரு பிளக்கிற்கும் பங்கிட்டு அனுப்ப, பிளக்கின் முனையில் பொறி பாய்கிறது. மிகப் பழைய வண்டிகளில் இவ்வேலைக்கு மாக்னெட்டோ என்ற கருவி இருந்தது. அதற்குப் பாட்டரியும் வேண்டியதில்லை.

இவ்வழியில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது, அறுந்த மாலையில் நூல் எங்கே விட்டது என்று பார்ப்பதைப் போன்றது. தேர்ந்த மெக்கானிக் எதையும் உடனே கழற்றமாட்டார். முதலில் விளக்கைப் போட்டுப் பார்ப்பார். நன்கு எரிந்தால் பாட்டரியின் மேல் பெரும்பாலும் குற்றமில்லை. பிறகு ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, அதன் முனையை எஞ்ஜினின் இரும்புக்குச் சற்று அருகில் வைத்து, எஞ்ஜினைச் சுழற்றச் சொல்வார். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி பாய்ந்தால், குறை பெட்ரோல் வழியில் இருக்கக்கூடும். பொறி இல்லையேல், காயிலிலிருந்து வரும் நடு வயரில் அதே சோதனை. அங்கே பொறி இருந்து பிளக்கில் இல்லையென்றால், டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் விரிசலோ ஈரமோ இருக்கும். ஐப்பசி மழையில் இது சர்வ சாதாரணம். நடு வயரிலும் பொறி இல்லையா? பிளாட்டினம் கரிந்திருக்கலாம், கண்டென்சர் கெட்டிருக்கலாம், ஏதேனும் ஓர் இணைப்பு தளர்ந்திருக்கலாம். சிறு சோதனை விளக்கொன்றை வைத்துக்கொண்டு, மின்சாரம் எதுவரை வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று படிப்படியாகப் பார்த்துக்கொண்டே போவார். தோழியர் யாரும் வீட்டு வண்டியில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். அந்த வயர் கொடுக்கும் அதிர்ச்சி இலேசானதன்று. அந்நாளில் இவ்வளவு வேலையும் நடந்து முடியும் வரை பயணிகள் புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பஸ் நடத்துவோர்க்கோ அதைவிட நல்ல வழி, பஸ் புறப்படுவதற்கு முன்பே பட்டறையில் இவற்றைப் பார்த்துவிடுவது.

இத்தனை பார்த்தும் தீராத குறை ஒன்று இரண்டாம் உலகப்போரில் வந்தது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை; பெட்ரோல்தான் இல்லை! 1941-லேயே இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்துவிட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவின் எண்ணெய் நமக்கு இல்லையென்றாயிற்று. சென்னை மாகாணம் முழுவதும் வண்டிகள் முடங்கத் தொடங்கின. பஸ் நின்றால் முதலாளிக்கு நஷ்டம் என்பதோடு போகாது. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பட்டறைத் தொழிலாளிக்கும் அடுப்பு எரியாது. பஸ்ஸை நம்பிய கிராமத்துக்கு மருத்துவரும் எட்டாது, சந்தையும் எட்டாது.

அப்போது சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்ற கருவியை வடிவமைத்துத் தயாரித்தது. கரியிலிருந்து வாயு உண்டாக்கி, அவ்வாயுவால் எஞ்ஜினை ஓட்டும் கருவி அது. ராமநாதபுரப் பக்கத்தில் கரிமூட்டம் போடுவதை நம்மில் சிலர் பார்த்திருப்போம். காற்றைத் தாராளமாக விட்டால் விறகு சாம்பலாகும். காற்றை அடக்கினால் கரியாகும். அந்தக் கரியை உயரமான ஓர் உருளையில் இட்டு, மறுபடியும் காற்றை அளவோடு விட்டு எரித்தால் கார்பன் மோனாக்ஸைடு என்ற எரிவாயு கிடைக்கிறது. நிறமும் மணமும் இல்லாத கொடிய நஞ்சு அது. மூடிய கொட்டகையில் கசிந்தால் ஆளையே கொல்லும். ஆனால் எஞ்ஜினுக்குள் அது நல்ல உணவு. சாம்பலும் தூசியும் போக வடிகட்டி, குளிரவைத்து, காற்றோடு கலந்து எஞ்ஜினுக்கு அனுப்புவார்கள். புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே ஊதுவிசிறியைக் கையால் சுற்றிக் கரியைக் கனலவிட வேண்டும். இப்படி ஓடிய வண்டிகளைக் கரி பஸ் என்றே ஊரார் அழைத்தனர்.

இங்கேதான் தீப்பொறியின் கதை மீண்டும் வருகிறது. கரிவாயுவில் பாதியளவு எரியாத நைட்ரஜன். ஆகவே அது பெட்ரோலைப்போல் சட்டென்று எரியாமல் மெதுவாகத்தான் எரியும். பெட்ரோலுக்கென்று வைத்த அதே கணத்தில் பொறி பாய்ந்தால், வாயு எரிந்து முடிவதற்குள் பிஸ்டன் கீழே இறங்கிவிடும், பலம் வீணாகும். எனவே டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பி, பொறி முன்கூட்டியே பாயும்படி வைக்க வேண்டும். அப்படி வைத்தும் எஞ்ஜினின் பலத்தில் மூன்றிலொரு பங்கு, சில வேளை ஏறக்குறைய பாதிகூடக் குறைந்துவிடும். சமவெளியில் சமாளித்துவிடலாம், மலை ஏறுவதென்றால் பெரும்பாடு. பிளக்குகளில் தூசியும் கரியும் அடிக்கடி படியும். பழைய கோளாறுகளோடு புதிய கோளாறுகளையும் கண்டுபிடித்துத் தீர்க்க மெக்கானிக்குகள் பழக வேண்டியிருந்தது. இத்தனை தொல்லை இருந்தும் பஸ்கள் ஓடின என்பதே பெரிது.

மலேயாவும் 1942 தொடக்கத்தில் வீழ்ந்ததால் ரப்பருக்கும் பஞ்சம் வந்தது. தேய்ந்த டயர்களுக்கு மறுபடி ரப்பர் பூசும் தொழிற்சாலை ஒன்றையும் அவர் நிறுவினார். மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் ஆகிய நிறுவனங்களும் அவர் தொடங்கியவையே.

அவருடைய மகள்களில் ஒருவரை நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். 1904-ல் பிறந்த சௌந்தரம் இளம் வயதிலேயே மணமாகி, இளம் வயதிலேயே கணவரையும் இழந்தவர். அக்காலத்தில் அத்தகைய பெண்ணின் வாழ்வு வீட்டின் உள்ளறையோடு முடிந்துவிடும். அவரோ டில்லியில் லேடி ஹார்டிஞ்ஜ் மருத்துவக் கல்லூரியில் பயின்று டாக்டரானார். பின்னர் காந்தியடிகளின் தொண்டர் ஜி. ராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது பெற்றோர் இணங்கவில்லை. எஞ்ஜினில் புதுமையை வரவேற்ற தந்தைக்கு இல்லத்தில் அது எளிதாக இருக்கவில்லை போலும். காந்தியடிகளின் முன்னிலையில் 1940-ல் அத்திருமணம் நடந்தது. 1947-ல் அவ்விருவரும் நிறுவியதுதான் திண்டுக்கல் அருகேயுள்ள காந்திகிராமம்.

சுந்தரம் ஐயங்கார் தொழிலின் பொறுப்பைத் தம் வாழ்நாளிலேயே புதல்வர்களிடம் ஒப்படைத்தார். 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் கோடைக்கானலில் தம் இல்லத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 78. ஆறு ஆண்டுகள் கழித்து, 1961-ல், இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அவருடைய குடும்பத்தார் லூகாஸ்-டி.வி.எஸ். என்ற நிறுவனத்தை ஏற்படுத்தினர். சென்னைப் பாடியில் அமைந்த அதன் தொழிற்சாலையில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் மட்டுமல்ல, இக்னிஷன் காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும்கூடத் தயாராகி வெளிவந்தன.