இல்லறத்தில் நின்ற ஞானநாட்டத்தர்
சேர் பொன்னம்பலம் அருணாசலம்

திருச்சிற்றம்பலம்

சைவ ஆசிரியர்காள்! எம்மிடத்தே பலமுறை கேட்கப்பட்டதும், யாமே எம் நெஞ்சினைப் பன்னாள் கேட்டதுமாகிய வினா ஒன்றுண்டு. மனைவி, மக்கள், முதிய தாய் தந்தையர், வீட்டு வாடகை, பாடசாலைப் பதிவேடு, பரீட்சைத் தாள் என்னும் இவற்றினிடையே அகப்பட்டு நிற்கும் ஒருவனுக்குச் சிவஞானம் கைகூடுமோ? அன்றி, அஃது இவையெல்லாம் துறந்து காட்டிற்கும் மடத்திற்கும் சென்றார்க்கே உரியதோ? இவ்வினாவிற்கு நூல்களைக் கொண்டு விடை கூறுதல் எளிது. ஒருவர் வாழ்க்கையைக் கொண்டு கூறுதலே மாணாக்கர் மனத்திற் பதியும். ஆதலின், கொழும்பு மாநகரிலே பிறந்து, இங்கேயே உத்தியோகமும் இல்லறமும் நடத்திச் சென்ற சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களின் சரிதத்தை இவ்விதழில் எடுத்துக்கொண்டாம்.

முன்னதாக எம்மைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். யாம் மிஷன் பாடசாலையொன்றிலே கற்றவர். அங்கே எமக்குக் கணிதமும் ஆங்கிலமும் கற்பித்த ஆசிரியர்க்கு யாம் என்றும் கடப்பாடுடையேம். ஆயினும், அவருள் ஒருவர் ஒருநாள் வகுப்பிலே, உங்கள் சமயம் உலகத்தைப் பொய்யென்கிறது, வீட்டை விட்டோடுவதையே மேன்மையென்கிறது, அப்படியாயின் தந்தைக்கும் தாய்க்கும் அதில் இடமென்ன என்று எம்மைக் கேட்டனர். யாம் வாய் திறந்திலேம். அன்று விடையறியாது நின்ற வெட்கம் பல்லாண்டுகள் எம்மை விட்டகன்றதில்லை. அதனினும் கொடிது யாதெனில், வளர்ந்த பின் யாமே அவர் கூற்றை மெய்ப்பிப்பார் போல ஒழுகியதாம். முப்பது வயதிலே சாத்திர வகுப்பென்றும் பூசையென்றும் மாலைப்பொழுதெல்லாம் வெளியே கழித்து, வெள்ளவத்தையில் ஒரு சிறு வாடகை வீட்டிலே நோயுற்ற எம் அன்னையாரையும் இரு குழந்தைகளையும் இல்லாள் ஒருத்தியே தாங்கும்படி விட்டேம். அதனைப் பக்தியென எண்ணியிருந்தேம். அருணாசலம் அவர்களின் சரிதத்தைக் கற்ற காலையிலேதான் எம் பிழை எமக்கு விளங்கிற்று.

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆம் நாள் கொழும்பிலே பிறந்தனர். தந்தையார் யாழ்ப்பாணத்து மானிப்பாயைச் சார்ந்த பொன்னம்பல முதலியார். கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசர் திருக்கோயிலை 1850களில் எடுப்பித்தவர் அவரே. சேர் முத்துக்குமாரசுவாமி இவர்க்கு மாமனார் முறையினர். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி இவர்க்கு மைத்துனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் இவர்க்கு மூத்தவர். அவ்விராமநாதனாரே தந்தையார் எடுப்பித்த கோயிலை 1907 முதல் 1912 வரையில் கருங்கற்றிருப்பணியாகப் புதுக்கினர். இங்ஙனம் வாணிகக் கப்பல்கள் வந்தடையும் துறைமுகத்திற்கு அணித்தாகிய நெருக்கமான வீதிகளிடையே, வண்டியொலியும் வியாபாரக் கூச்சலும் ஓயாத ஓரிடத்திலே, சிவாலயத்தை அமைத்த குடும்பத்திற் பிறந்தவர் இவர். ஊர்நடுவே கோயில் நிற்றல் போல வாழ்க்கை நடுவே வழிபாடு நிற்றலை இவர் இளமையிலேயே கண்டனர் எனலாம்.

கொழும்பு இராஜரீகக் கல்லூரியிலே கற்றுப் பரிசில் பெற்று, இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலே கிறைஸ்ட் கல்லூரியில் பயின்றனர். 1875ஆம் ஆண்டிலே திறந்த போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்தனர். அவ்வாறு புகுந்த இலங்கையருள் இவரே முதல்வர். நீதிபதியாகப் பல ஊர்களிலும் இருந்து, பின் பதிவாளர் நாயகமாக உயர்ந்தனர். 1883ஆம் ஆண்டிலே சுவர்ணம் அம்மையாரை மணம் புரிந்து, புதல்வரும் புதல்வியரும் பெற்று மனையறம் நடத்தினர். பிற்காலத்தில் உள்நாட்டு மந்திரியாக விளங்கிய சேர் அருணாசலம் மகாதேவா இவர் புதல்வருள் ஒருவர்.

இவ்வாறு உத்தியோகமும் இல்லறமும் ஒருங்கு நடந்த காலத்திலேதான் இவர்க்கு ஞானநாட்டம் முதிர்ந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்தினின்றும் வந்த இராமசுவாமி என்னும் ஞானாசிரியர், அருட்பரானந்தர் எனவும் வழங்கப்பட்டவர், இவர்க்கும் தமையனார் இராமநாதனார்க்கும் குருவாயினர். ஈண்டு நாம் கருத்தூன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. குருவைப் பெற்ற பின்னர் அருணாசலம் உத்தியோகத்தைத் துறந்திலர்; மனைவி மக்களைப் பிரிந்திலர்; காவி உடுத்திலர். காலையிலே கச்சேரிக்குச் சென்றனர், வழக்குகளைக் கேட்டனர், ஏடுகளைப் பார்வையிட்டனர், மாலையிலே இல்லம் திரும்பினர். புறத்தே மாறியது யாதுமில்லை.

இவர்க்குக் கேம்பிரிட்ஜிலே நண்பரானவர் எட்வர்ட் கார்ப்பென்டர் என்னும் ஆங்கில அறிஞர். அவர் பகவத்கீதையைக் கற்றதற்கு இவர் நட்பே வாயிலாயிற்று. தாம் குருவினிடத்தே பெற்றதை இவர் கடிதங்களால் அவர்க்கு உணர்த்த, அவர் 1890ஆம் ஆண்டின் இறுதியில் ஈழத்திற்கு வந்து, அருணாசலத்தின் துணையால் அந்த ஞானாசிரியரைப் பலவாரங்கள் அடுத்திருந்து கேட்டனர். பின் அதனைச் சிவனொளிபாத மலை முதல் எலிபந்தா வரையிலுமான தம் யாத்திரை நூலிலே 1892இல் வெளியிட்டனர். அருணாசலம் அவர்க்கு எழுதிய ஞானக்கடிதங்களும், இவர் மறைந்த பின்னர் 1927இல் நூலாக வெளிவந்தன. எம் மிஷன் பாடசாலை ஆசிரியர் எம்மை வினாவியதற்கு நெடுநாள் முன்னரே, ஆங்கிலர் ஒருவர் அவ்வினாவோடு வந்து, ஒரு குடும்பியின் வாயிலாக விடை பெற்றுச் சென்றனர் என்பதை யாம் அப்போது அறிந்திலேம்.

இனி, பதிவாளர் நாயகம் என்னும் பதவியினை எண்ணிப் பார்ப்போம். ஒரு தேசத்திலே பிறந்தார் இத்துணையர், மணந்தார் இத்துணையர், இறந்தார் இத்துணையர் என நாடோறும் ஏட்டிலே பதிவித்தல் அவர் தொழில். 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பையும் அவரே நடத்தினர். அவ்வாண்டில் எண்ணப்பட்டோர் 35 இலட்சத்து 65 ஆயிரத்திற்கு மேற்பட்டவர். அக்கணக்கினைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை வெறும் எண்களின் தொகுதியன்று. இந்நாட்டு மக்களின் வரலாறு, மொழி, சமயம், வழக்கம் எல்லாம் அடங்கிய நூலாக அஃது இன்றும் மதிக்கப்படுகின்றது. பிறப்பும் இறப்பும் ஏட்டிலே வரிவரியாய்ச் செல்வதைக் காண்பவன் இருவகையாகலாம். பழக்கத்தால் மரத்துப்போகலாம்; அன்றி, நிலையாமையை உணர்ந்து ஒவ்வோருயிரின் மாட்டும் இரக்கம் கொள்ளலாம். அருணாசலம் இரண்டாவது வகையினர் என்பதற்கு அவர் பின்னாட் செயல்களே சான்று. நிலையாமையைக் காண்டற்குச் சுடலைக்குச் செல்ல வேண்டுவதில்லை. தன் மேசைமேற் கிடக்கும் ஏடே போதும் என்று யாம் இதனாற் கற்றேம். ஆசிரியனுக்கு அவ்வேடு வரவுப் பதிவேடாகும். பத்தாண்டுகட்கு முன்னைய பதிவேட்டினை விரித்துப் பெயர்களைப் படிப்போமாயின், நாமும் அதனையே காண்போம்.

உத்தியோகத்தின் இடையிடையே அவர் திருவாசகப் பாடல்களையும் தாயுமானார் பாடல்களையும் ஆங்கிலத்திலே பெயர்த்தனர். உறக்கத்தின் அமைதியும் விழிப்பின் தெளிவும் ஒருங்கே நிற்கும் நிலையினை விளக்கி ஒரு கட்டுரை வரைந்தனர். பொலனறுவையிற் கிடைத்த சைவப் படிமங்களையும், கதிர்காமத்து முருகன் வழிபாட்டையும் ஆராய்ந்து எழுதினர். ஞானவாசிட்டத்தையும் ஆங்கிலர்க்கு அறிமுகம் செய்தனர். அந்நூலிலே வரும் சூடாலை கதையினை ஆசிரியர் யாவரும் மாணாக்கர்க்குக் கூறுதல் தகும். அரசன் ஞானத்தைத் தேடி அரண்மனை துறந்து காடடைந்தான். அரசியோ அரண்மனையில் இருந்தபடியே ஞானமெய்தி, அரசும் நடத்தி, பின் காட்டிற்குச் சென்று வேற்றுருவிலே கணவனுக்கு உபதேசித்தாள். அவன் காட்டை விட்டானில்லை. அகங்காரத்தையே விட வேண்டியிருந்தது. அதனை விட்ட பின் அரண்மனைக்கே மீண்டான்.

1913இல் அருணாசலம் இளைப்பாறினர். அவ்வாண்டிலே சேர் பட்டமும் பெற்றனர். அறுபது வயதிலே, பொருளும் புகழும் நிறைந்த நிலையிலே, தனியே இருந்து தியானித்தல் அவர்க்கு எளிதாயிருக்கும். அவரோ, ஏழைமக்கள் நலத்தின்பொருட்டு 1915இல் சமூகசேவைச் சங்கத்தை நிறுவினர். தோட்டத் தொழிலாளர் ஒப்பந்தம் மீறினாரென்று சிறையிடப்பட்ட அக்காலத்திலே, அவர் நலன் காக்க 1919இல் ஒரு சங்கம் கண்டனர். அவ்வாண்டிலேயே இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராயினர். இந்நாட்டிற்கொரு சர்வகலாசாலை வேண்டுமென 1906 முதலே இயக்கம் நடத்தினர். 1942இல் சர்வகலாசாலை எழுந்தபோது அவர் உயிரோடிலர். பேராதனையிலே ஒரு மாணவர் விடுதி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

சிலர் இவ்விடத்தே தடை நிகழ்த்துவர். அவர் செல்வர், ஏவலாளர் உடையவர், மாதச் சம்பளம் மாதமுடிவிற்குப் போதாத எம்மனோர்க்கு அவர் எங்ஙனம் உவமையாவர் என்பர். இத்தடை நேர்மையானதே. செல்வம் சில சுமைகளை நீக்குமென்பதை யாம் மறுத்திலேம். ஆயினும் மேனிலைக்குரிய கட்டு வேறுண்டு. மானமும் மதிப்பும் ஏவலாளால் தாங்கப்படுவன அல்ல. கொழும்புத் தமிழர்க்குச் சட்டசபையிலே தனித்தானம் அளிக்க ஒப்பிய வாக்கு, காங்கிரசினராற் காக்கப்படவில்லை என்று கண்டு, தாம் முன்னின்று தோற்றுவித்த அச்சபையினின்றும் 1921இல் அவர் விலக நேர்ந்தது. தாம் கட்டிய வீட்டைத் தாமே விட்டு வெளியேறுதல் போன்ற துன்பம் அது. அதன் பின்னரும் அவர் ஓய்ந்திலர். தமிழர் மகாசன சபை, தமிழ்ச்சங்கம் என வேறு பணிகளை மேற்கொண்டனர். இறுதியிலே தென்னாட்டுத் திருத்தலங்களைத் தரிசிக்கச் சென்று, 1924ஆம் ஆண்டு சனவரி மாதம் 9ஆம் நாள், மதுரையம்பதியிலே, எழுபதாம் வயதில் இறைவனடி சேர்ந்தனர். தலயாத்திரைக்குச் சென்றவர் தலத்திலேயே அமைந்தனர்.

அவர் அகத்தே எய்திய நிலை இதுவென அளத்தல் எமக்கு உரியதன்று. அதனை அளக்கும் கோல் மாந்தர் கையில் இல்லை. புறத்தே தெரிவது ஒன்று கூறுவேம்: அவர் ஞானநாட்டம் முதிருந்தோறும் கடமைகள் குறைந்தில; பெருகின. கடமை பெருகுந்தோறும் நாட்டமும் தளர்ந்திலது.

இது சைவத்திற்குப் புதிதன்று. அறுபத்துமூவருள் மிகப் பலர் மனையறத்தரே. இளையான்குடிமாறர் நள்ளிரவில் விதைத்த நெல்லைக் கொணர்ந்தபோது, அதனை அமுதாக்கியவர் அவர் மனைவியார். அப்பூதியடிகள் தம் மக்கட்கும் தண்ணீர்ப்பந்தற்கும் திருநாவுக்கரசர் திருப்பெயரையே இட்டனர். நான்கு நெறிகளின் பெயர்களையும் நோக்குமின்! தாசமார்க்கம் அடிமையின் நெறி. சற்புத்திரமார்க்கம் நன்மகனின் நெறி. சகமார்க்கம் தோழனின் நெறி. வீட்டிலும் வீதியிலும் நாம் கற்ற உறவுகளைக் கொண்டே நம் பெரியோர் இறைவனை அணுகும் வழிகட்குப் பெயரிட்டனர். வீட்டிலே நன்மகனாக இருக்கக் கல்லாதவன் சற்புத்திரமார்க்கத்தை எவ்வாறு அறிவான்?

இச்சரிதத்தைக் கற்ற பின் யாம் செய்தது பெரிதன்று. மாலைச் சாத்திர வகுப்பினைக் கிழமைக்கு ஒருநாளாகக் குறைத்தேம். மற்றைய நாட்களில் அன்னையார்க்கு மருந்தூட்டுதலும், அவர் கால்பிடித்தலும், குழந்தைகளைப் படிப்பித்தலும் எம் பணியாயின. அன்னையார் மறையும் வரையில் மூன்றாண்டுகள் அங்ஙனம் செய்தேம். முன்னாளில் பூசையிலே எம் மனம் வீட்டுக் குறைகளின்மேற் செல்லும். பின்னாளில் அவர் கால்பிடிக்கும்போது திருவைந்தெழுத்துத் தானே நாவில் வந்தது. இதனைப் பெருமைக்காகக் கூறிலேம். எம்மைப் போற் பிழைத்தவர் வேறு யாரேனும் உளராயின் அவர்க்குப் பயன்படுமென்றே கூறினேம். எம் இல்லாள் இதுவரை இதுபற்றி ஒரு சொல்லும் கூறியதில்லை. அவள் பொறுமையைக் கண்ட பின், எம் வீட்டில் சூடாலை யாவள் என்பதில் எமக்கு ஐயமில்லை.

ஆசிரியர்காள்! உங்கள் வகுப்பிலே ஒரு சிறுவன், நம் சமயம் வீட்டை விட்டோடச் சொல்கின்றதோ என்று கேட்பானாயின், யாம் நின்றது போல நீவிர் வாய்மூடி நில்லாதீர். கொழும்பிலுள்ள பிள்ளைகளாயின் கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பொன்னம்பலவாணேசர் சந்நிதிக்கு அழைத்துச் செல்லுமின். அக்கருங்கற் றூண்களைக் காட்டுமின். இதனை எடுத்தவரும் புதுக்கியவரும் இக்குடும்பத்தில் ஞானத்தை நாடியவரும் மனைவி மக்களோடு வாழ்ந்தவரே என்று கூறுமின். பின் அச்சிறுவனை நேரத்தோடே வீட்டிற்கு அனுப்புமின். அங்கே அவன் தாய் அவன் வரவை நோக்கி இருப்பாள்.

திருச்சிற்றம்பலம்