கதையின் மறுபாதி

சென்ற மாதம் ஓரிரவு, விடுதியில் நாங்கள் ஐந்தாறு தமிழ் நண்பர்கள் கூடியிருந்தபோது பேச்சு கைதேர்ந்த திருடர்களைப் பற்றித் திரும்பிற்று. நான் எடுத்துரைத்தது வில்லி சட்டன் என்ற அமெரிக்கக் கொள்ளைக்காரனின் கதை. கேட்டவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் படுக்கையில் விழுந்த பின்பு, கதையில் பாதியை நான் விழுங்கிவிட்டது நெஞ்சில் உறுத்தியது. அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

அன்று நான் சொன்ன பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சட்டன் 1901-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவன். வங்கிக் கொள்ளையே அவன் தொழில். வேடமே அவன் மூலதனம். தந்திச் சேவகன் போலவோ போலீஸ்காரன் போலவோ உடையணிந்து, வங்கி திறக்குமுன்பே காவலாளியை ஏய்த்து உள்ளே நுழைவான். ஊழியர்கள் வர வர ஒவ்வொருவராக மடக்குவான். மானேஜர் வந்ததும் பெட்டகம் திறக்கும்! நடிகன் என்றே அவனுக்குப் பட்டப்பெயர் வந்தது.

கொள்ளையடிப்பதைவிடச் சிறையிலிருந்து தப்புவதில் அவன் இன்னும் கெட்டிக்காரன். 1932 டிசம்பரில் சிங் சிங் சிறையின் மதிலை ஏணி வைத்துக் கடந்தான். 1934-இல் மீண்டும் அகப்பட்டு, பிலடெல்பியாவின் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைக்குப் போனான். அங்கிருந்து 1945 ஏப்ரல் 3-ஆம் நாள், பதினொரு கைதிகளோடு சுரங்கம் வழியே வெளியேறினான். அன்றே பிடித்துவிட்டார்கள். அடுத்தது ஹோம்ஸ்பர்க் சிறை. 1947 பிப்ரவரி 10-ஆம் தேதி இரவு, காவலர் உடையில், கூட்டாளிகளுடன் ஏணிகளைச் சுமந்து முற்றத்தில் நடந்தான். தேடுவிளக்கின் ஒளி மேலே விழுந்தபோதும் கலங்காமல், எல்லாம் சரிதான் என்று குரல் கொடுத்தானாம். மதிலையும் தாண்டிவிட்டான்!

பிறகு ஐந்தாண்டுகள் தலைமறைவு. அதில் சில காலம் ஸ்டாட்டன் தீவில் முதியோர் விடுதியொன்றில் வேலையாளாக இருந்தான். 1950 மார்ச்சில் குவீன்ஸ் பகுதியில் ஒரு வங்கியிலிருந்து சுமார் 64,000 டாலர் கொள்ளை போயிற்று. பின்னாளில் சட்டன் அதற்காகத் தண்டிக்கப்பட்டான். அதே மாதத்தில், தேடப்படும் முக்கியக் குற்றவாளிகளின் பட்டியலில் எப்.பி.ஐ. அவன் பெயரைச் சேர்த்தது. நல்ல உடையில் மோகமுள்ளவன் ஆதலால், அவன் படம் தையற்கடைகளுக்கும் அனுப்பப்பட்டது.

நண்பர்களிடம் நான் இத்துடன் நிறுத்திவிட்டேன். மறுபாதி இனித்தான்.

ஆர்னால்ட் ஷூஸ்டர், புரூக்ளினில் தம் தந்தையின் துணிக்கடையில் வேலை பார்த்த 24 வயது இளைஞர். அந்தப் படத்தைப் பார்த்திருந்தவர். 1952 பிப்ரவரி 18-இல் சுரங்க ரயிலில் சட்டனைக் கண்டதும் அடையாளம் தெரிந்தது. பின்தொடர்ந்து சென்று போலீஸாரிடம் சொன்னார். சட்டன் பிடிபட்டான். ஷூஸ்டரின் பெயரும் படமும் பத்திரிகைகளில் வந்தன, மிரட்டல்களும் வந்தன. மார்ச் 8-ஆம் தேதி இரவு, தம் வீட்டுக்கருகிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இடையில் கழிந்தவை பத்தொன்பதே நாட்கள்!

இக்கொலையில் சட்டனுக்குப் பங்குண்டு என்று நிரூபிக்கப்படவில்லை. வேறு எவரும் தண்டிக்கப்படவும் இல்லை. மைந்தனை இழந்த குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். குற்றவாளியைப் பிடிக்கத் துணை செய்த குடிமகனுக்குத் தக்க பாதுகாப்பு அளிப்பது போலீஸின் கடமை என்று, 1958-இல் நியூயார்க் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதி பிறந்தது, உண்மைதான். அதற்கு விலையாகப் போன உயிர் திரும்புமா?

சட்டனோ 1969 டிசம்பர் 24-இல் விடுதலையானான். கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு வங்கியே தன் கடன் அட்டை விளம்பரத்தில் அவனை நடிக்க வைத்தது! தன் வரலாற்றைப் புத்தகமாகவும் வெளியிட்டான். 1980-இல், எழுபத்தொன்பது வயதில், புளோரிடாவில் இறந்தான்.

வேடம் போட்டவனுக்கு உலகப் புகழ். எந்த வேடமும் போடாமல், கண்ணால் கண்டதைச் சொன்னவருக்கோ மறதிதான் பரிசு. அந்த மறதியில் என் பங்கும் உண்டு. அன்றிரவு நானும் அதைத்தானே செய்தேன்? இனி யாரேனும் என்னிடம் சட்டன் கதையைக் கேட்டால், சுரங்க ரயிலில் ஏறிய அந்த இளைஞரிடமிருந்தே தொடங்குவேன்.