ஷேக்ஸ்பியரும் அவர் படைத்த மங்கையரும்

ஆங்கில நாடக உலகின் முடிசூடா மன்னர் வில்லியம் ஷேக்ஸ்பியர். அவருடைய நாடகங்களைப் பாடமாகப் படிக்கிறோம். மேடையில் நடித்தும் மகிழ்கிறோம். அவை நம்மிடம் வந்து சேர்ந்த வரலாற்றைச் சற்றே காண்போம்.

இங்கிலாந்தில் ஏவன் நதிக்கரையிலுள்ள ஸ்ட்ராட்ஃபோர்டு நகரில், 1564 ஏப்ரல் 26ஆம் நாள் அவர் ஞானஸ்நானம் பெற்றார். தந்தை ஜான், கையுறை செய்து விற்பவர்; தாய் மேரி ஆர்டன். பதினெட்டாம் வயதில் ஆன் ஹாத்தவேயை மணந்தார். 1583இல் சுசன்னாவும், 1585இல் ஹாம்னெட், ஜூடித் என்னும் இரட்டையரும் பிறந்தனர். பின்னர் லண்டன் சென்று நடிகராகவும் நாடக ஆசிரியராகவும் புகழ் பெற்றார். 1599இல் எழுந்த குளோப் அரங்கின் பங்குதாரருள் ஒருவருமானார்.

அந்நாளில் அவ்வூர் இலக்கணப் பள்ளி ஆண்பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. அவர் மகள் ஜூடித்தோ, 1611இல் ஒரு பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்திடாமல் அடையாளக் குறியே இட்டாள். நாடக அரங்கிலும் 1660 வரை பெண் வேடங்களைச் சிறுவர்களே ஏற்றனர்.

அத்தகைய காலத்தில் அவர் படைத்த மங்கையரைப் பாருங்கள்! போர்ஷியா சட்ட அறிஞராக வேடம் பூண்டு, தன் அறிவுத்திறத்தால் அந்தோனியோவின் உயிரைக் காக்கிறாள். சித்தப்பனால் நாடு கடத்தப்பட்ட ரோசலின்ட், காட்டிலும் கலங்காது வாழ்கிறாள். கப்பல் உடைந்து, இரட்டைச் சகோதரனைக் கடலில் இழந்ததாக வருந்தும் வயோலா, அந்நிய நாட்டில் துணிவுடன் பிழைக்கிறாள். இறுதியில் சகோதரனை உயிருடன் காண்கிறாள். ஜூடித்துக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அவளுடன் பிறந்த ஹாம்னெட் 1596இல், பதினோராம் வயதிலேயே மறைந்துவிட்டான்.

1616 ஏப்ரல் 23ஆம் நாள் ஷேக்ஸ்பியர் உயிர் நீத்தார். ஞானஸ்நானம் பெற்ற அதே பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அப்போது அவருடைய நாடகங்களில் ஏறக்குறைய பாதி அச்சேறவே இல்லை. உடன் நடித்த நண்பர்களான ஜான் ஹெமிங்ஸும் ஹென்றி காண்டெலும் 36 நாடகங்களைத் திரட்டி, 1623இல் ஒரே நூலாக வெளியிட்டனர். அவற்றுள் 18 நாடகங்கள் முதன்முதலாக அச்சானவை. ரோசலின்ட், வயோலா ஆகியோரின் கதைகளும் அவற்றுள் அடங்கும். அவ்விருவரின் உழைப்பு இல்லையேல் இம்மங்கையரை நாம் அறியாமலே போயிருக்கக் கூடும்.

உயர்ந்த கருத்துகளை எழுதுவது பெருமை. பிறர் எழுதியதை அழியாமல் காப்பதும் அதற்குக் குறையாத தொண்டே. தந்தை எழுதிய வரிகளைப் படிக்கும் பேறு ஜூடித்துக்குக் கிட்டியிராது, நமக்குக் கிட்டியுள்ளது. அவள் கால் வைக்க இயலாத மேடையும் நம்முன் திறந்திருக்கிறது. ஆகவே தோழியரே, அந்நாடகங்களைத் தேர்வுக்காக மட்டுமன்றி, மனமாரப் படித்து மகிழ்வோமாக!