லண்டன் வெறுத்த போலீஸ் மதிப்பைச் சம்பாதித்தது எப்படி? ‘பாபி’களை உருவாக்கிய ராபர்ட் பீலின் கதை

லண்டனில் போலீஸ்காரருக்கு ‘பாபி’ என்று ஒரு பெயர் உண்டு. ராபர்ட் என்ற பெயரைச் செல்லமாகச் சுருக்கினால் பாபி. அந்த ராபர்ட் யார்? 1829-ல் லண்டன் பெருநகரப் போலீஸை உருவாக்கிய உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல்.

இன்றைக்கு இந்தப் பெயர் பாசமாகக் கேட்கலாம். ஆனால் தொடக்கத்தில் லண்டன் மக்கள் இந்தப் போலீஸை நீலப் பிசாசுகள் என்றுதான் திட்டினார்கள். ஒருவரைக் கொன்றதைக் கூட நியாயம் என்று சொன்ன காலம் அது. அந்த வெறுப்பு எப்படிக் குறைந்தது? பதில் பீலின் வாழ்க்கையில் இருக்கிறது. ஏன்னா, அவர் உருவாக்கியது ஒரு போலீஸ் அல்ல, ரெண்டு.

ஆலை முதலாளியின் மகன்

1788 பிப்ரவரி 5-ம் தேதி, இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள பரி என்ற ஊரில் பீல் பிறந்தார். அப்பா பருத்தித் துணித் தொழிலில் பெரும் பணம் சம்பாதித்தவர். ஹாரோ பள்ளியில் கவிஞர் பைரன் இவருடைய சக மாணவர். ஆக்ஸ்போர்டில் செவ்வியல் மொழிகள், கணிதம் என இரண்டு பாடத்திலும் முதல் வகுப்பு. 1809-ல், 21 வயதிலேயே எம்.பி. ஆகிவிட்டார். மூன்றே ஆண்டுகளில் பெரிய பதவி தேடி வந்தது: அயர்லாந்தின் தலைமைச் செயலர்.

முதல் போலீஸ்: துப்பாக்கியோடு

அயர்லாந்தில் அப்போது நிலம், வாடகை, மத வரி எனப் பல காரணங்களால் கிராமங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. பிரிட்டிஷ் ஆட்சி மீது கத்தோலிக்க மக்களுக்குக் கடும் கோபம். பீல் 1814-ல் அமைதிப் பாதுகாப்புப் படை ஒன்றை உருவாக்கினார். ஆயுதம் ஏந்திய படை. அதில் பலர் முன்னாள் ராணுவத்தினர்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. எந்த வட்டாரத்தில் கலவரம் என்று அரசு அறிவிக்கிறதோ, அங்கே இந்தப் படை போய் இறங்கும். அதற்கான செலவு அந்த வட்டாரத்து மக்கள் தலையில்! அதாவது, யார் தப்பு செய்தாலும் ஊரே அபராதம் கட்ட வேண்டும். இந்தப் படையினரை மக்கள் ‘பீலர்’ என்று அழைத்தார்கள். அயர்லாந்தில் அந்தப் பெயரில் பாசத்தைவிட பயமும் கசப்பும்தான் அதிகம்.

யாருக்கும் வேண்டாத போலீஸ்

1822-ல் பீல் பிரிட்டனின் உள்துறை அமைச்சரானார். அப்போது அங்கே 200-க்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு உண்டு. சின்னத் திருட்டுக்குக்கூட உயிர் போகும் என்பதால், பல வழக்குகளில் ஜூரிகளே குற்றவாளி என்று சொல்லத் தயங்கினார்கள். சட்டம் கொடூரமாக இருந்தால் அதை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பீல் பல குற்றங்களிலிருந்து தூக்குத் தண்டனையை நீக்கினார். சிதறிக் கிடந்த சட்டங்களைத் தொகுத்தார்.

அடுத்து லண்டனுக்கு ஒரு முழுநேரப் போலீஸ் வேண்டும் என்றார். ஆனால், அவரே தலைமை வகித்த நாடாளுமன்றக் குழு 1822-ல் அதை நிராகரித்தது. போலீஸ் என்றாலே பிரெஞ்சு பாணியில் ஒட்டுக்கேட்கும் உளவுப்படை என்றுதான் ஆங்கிலேயர்கள் நினைத்தார்கள். 1819-ல் மான்செஸ்டரில் அமைதியாகக் கூடிய கூட்டத்தின் மீது குதிரைப்படை பாய்ந்து பலரைக் கொன்றதும் யாருக்கும் மறக்கவில்லை.

பீல் ஏழு ஆண்டுகள் பொறுத்தார். 1829-ல் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு செப்டம்பர் 29-ம் தேதி லண்டன் தெருக்களில் புதிய போலீஸ் இறங்கியது.

இரண்டாவது போலீஸ்: தடியோடு

அயர்லாந்தில் செய்ததை பீல் இங்கே செய்யவில்லை. ராணுவத்தின் சிவப்பு நிறம் வேண்டாம் என்று நீலச் சீருடை. தலையில் சாதாரண மனிதர்கள் போடும் உயரத் தொப்பி. ரோந்து போகிறவர் கையில் துப்பாக்கி இல்லை; ஒரு மரத்தடி, ஆள் கூப்பிட ஒரு கிலுகிலுப்பை, அவ்வளவுதான். காலரில் எண். தப்பு செய்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்ப் புகார் கொடுக்கலாம்.

படையை நடத்த இரண்டு ஆணையர்கள்: ராணுவ அதிகாரி சார்லஸ் ரோவன், வழக்கறிஞர் ரிச்சர்ட் மேய்ன். போலீஸின் முதல் வேலை குற்றத்தைத் தடுப்பது, கோபத்தை அடக்கிக்கொள்வது கடமையின் ஒரு பகுதி என்று அவர்களின் விதிமுறைகள் சொல்லின. குடித்துவிட்டு வந்தவர்களைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் வேலையை இழந்தார்கள் அல்லது விட்டுப் போனார்கள்.

இத்தனைக்குப் பிறகும் வெறுப்பு போகவில்லை. 1833 மே மாதம், கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் நடந்த அரசியல் கூட்டத்தைப் போலீஸ் தடியால் அடித்துக் கலைத்தது. அந்தக் கைகலப்பில் ராபர்ட் கல்லி என்ற காவலர் குத்திக் கொல்லப்பட்டார். மரண விசாரணை ஜூரி, அது நியாயமான கொலை என்று தீர்ப்புச் சொன்னது! மேல் நீதிமன்றம் பின்னர் அதை ரத்து செய்தது. ஆனால் தீர்ப்புச் சொன்ன ஜூரிகளை மக்கள் கொண்டாடித் தீர்த்தார்கள்.

அதே ஆண்டு இன்னொரு விவகாரம் வெடித்தது. போபே என்ற போலீஸ் சார்ஜென்ட், மாறுவேடத்தில் ஓர் அரசியல் அமைப்புக்குள் நுழைந்து மாதக்கணக்கில் உளவு பார்த்தது அம்பலமானது. நாடாளுமன்றக் குழு விசாரித்துக் கண்டித்தது. அவர் வேலையை இழந்தார். போலீஸ் தப்பு செய்தால் அதைக் கேட்க ஆள் உண்டு என்று மக்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். மதிப்பு வளர ஆரம்பித்தது இப்படித்தான்: சட்டத்தால் ஒரே நாளில் வரவில்லை, ஒவ்வொரு பொறுப்பேற்பாக வந்தது. ஏழைகள் வாழ்ந்த தெருக்களில் அது வர இன்னும் வெகுகாலம் ஆனது.

பிரதமர் பதவி, குதிரை விபத்து

பீல் பின்னர் இரண்டு முறை பிரதமரானார். 1846-ல் தானிய இறக்குமதிக்குத் தடையாக இருந்த சட்டங்களை ரத்து செய்ததால் சொந்தக் கட்சியே பிளந்தது, பதவியும் போனது. 1850 ஜூன் 29-ம் தேதி லண்டனில் குதிரையிலிருந்து விழுந்து படுகாயமடைந்தார். அவர் வீட்டு வாசலில் சாதாரண ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் காத்துக் கிடந்தார்கள். ஜூலை 2-ம் தேதி காலமானார்.

அடுத்த ஆண்டு லண்டனில் நடந்த உலகப் பெருங்கண்காட்சிக்கு 60 லட்சம் வருகைகள் பதிவாயின. ராணுவம் வேண்டியிருக்கும் என்று பலர் பயந்தார்கள். தடி மட்டும் வைத்திருந்த போலீஸே சமாளித்துவிட்டது.

இணையத்தில் பீல் எழுதியதாக ஒன்பது போலீஸ் கொள்கைகள் சுற்றுகின்றன. அவற்றை அவர் அந்த வடிவில் எழுதவில்லை. சார்லஸ் ரீத் என்ற வரலாற்றாசிரியர் 20-ம் நூற்றாண்டில் தொகுத்தவை அவை.

நமக்கு வந்தது எந்தப் போலீஸ்?

இந்தியாவை ஆண்டவர்கள் லண்டன் மாதிரியை இங்கே கொண்டுவரவில்லை. 1843-ல் சிந்து பகுதியில் சார்லஸ் நேப்பியர் அமைத்த போலீஸுக்கு அயர்லாந்துதான் முன்மாதிரி. அந்தச் சாயலில்தான் 1859-ல் மதராஸ் மாகாணச் சட்டமும், 1861-ல் இந்தியப் போலீஸ் சட்டமும் வந்தன. கலவரம் நடந்த ஊரில் கூடுதல் போலீஸை நிறுத்தி, செலவை ஊர்மக்களிடமே வசூலிக்கும் ஏற்பாடும் கூடவே வந்தது. 1908-ல் வ.உ.சி. கைதானதை எதிர்த்து எழுந்த திருநெல்வேலி, தூத்துக்குடி மக்கள் மீது அது பாய்ந்தது. ‘திமிர்வரி’ என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

காக்கியைப் பார்த்ததும் ஒதுங்கி நடப்பதையும், பிரச்சினை வந்தாலும் ஸ்டேஷன் படியேறத் தயங்குவதையும் நம்மில் பலர் மரியாதை என்றே நினைத்துக்கொள்கிறோம். பீலின் முதல் போலீஸுக்குக் கிடைத்ததும் அதுதான். அவருடைய இரண்டாவது போலீஸுக்குக் கிடைத்தது வேறு. காலரில் இருந்த எண்ணைப் பார்த்துப் புகார் கொடுக்க முடியும் என்று மக்கள் நம்பிய பிறகே அது கிடைத்தது.