இளம் டாக்டர்களை ஆஸ்பத்திரியில் குடிவைத்தவர்

பெரிய ஆஸ்பத்திரிகளில் நள்ளிரவிலும் ஒரு டாக்டர் விழித்திருப்பார். அடிபட்டு வருகிறவரை முதலில் தொட்டுப் பார்ப்பவர் அவர்தான். வயது முப்பதுக்குள் இருக்கும். கண்ணில் தூக்கக் கலக்கம் இருக்கும். நம் ஊரில் அவரை ஹவுஸ் சர்ஜன் என்பார்கள். மேல்படிப்பு படிப்பவராக இருந்தால் ரெசிடெண்ட் டாக்டர் என்பார்கள். ரெசிடெண்ட் என்றால் குடியிருப்பவர் என்று அர்த்தம்.

எங்கே குடியிருப்பவர்? ஆஸ்பத்திரியில்!

பட்டம் பெற்ற டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். பிறகுதான் அவர் ஆபரேஷன் நிபுணர் ஆகலாம். இந்த முறையை அமெரிக்காவில் நிலைநாட்டியவர் வில்லியம் ஹால்ஸ்டெட்.

பணக்கார வீட்டுப் பிள்ளை

ஹால்ஸ்டெட் 1852-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை பெரிய துணி வியாபாரி. வீட்டில் எதற்கும் குறைவில்லை.

ஏல் கல்லூரியில் படித்தார். படித்தார் என்பதைவிட விளையாடினார் என்பதே பொருத்தம். கல்லூரிப் புட்பால் குழுவுக்கு அவர்தான் தலைவர். கல்லூரி நூலகத்தில் அவர் ஒரு புத்தகம்கூட எடுத்ததில்லை என்று சொல்வார்கள்.

கடைசி ஆண்டில் உடற்கூறு பற்றிய புத்தகம் ஒன்றை விலைக்கு வாங்கினார். அதில் மனம் மூழ்கியது. அப்பாவின் கடைக்குப் போகவில்லை. டாக்டருக்குப் படித்து, 1877-ல் பட்டம் பெற்றார்.

அடுத்த ஆண்டு நியூயார்க் ஆஸ்பத்திரியில் வேலை. அங்கே அவர் ஒரு காரியம் செய்தார். நோயாளியின் காய்ச்சல், நாடித் துடிப்பு, மூச்சு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் குறித்துப் படுக்கை அருகே வைக்கச் செய்தார். இப்போது பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் ராத்திரி வேலைக்கு வரும் டாக்டருக்கு அந்தத் தாள்தான் கண்!

தங்கைக்குத் தன் ரத்தம்

பிறகு இரண்டு ஆண்டுகள் ஐரோப்பாவில் படித்தார். வியன்னாவிலும் ஜெர்மன் நகரங்களிலும் பெரிய நிபுணர்களிடம் இளம் டாக்டர்கள் பல ஆண்டுகள் தங்கித் தொழில் கற்பதைப் பார்த்தார். 1880-ல் ஊர் திரும்பினார்.

1881-ம் ஆண்டு. ஹால்ஸ்டெட்டின் சகோதரிக்குப் பிரசவம் ஆகியிருந்தது. ரத்தம் நிற்கவில்லை. ஹால்ஸ்டெட் போய்ச் சேர்ந்தபோது அவள் வெளுத்துப்போய் உயிருக்கு ஊசலாடிக் கொண்டிருந்தாள்.

அவர் யோசிக்கவில்லை. ஊசியைத் தன் கையிலேயே குத்தினார். தன் ரத்தத்தை எடுத்து அவள் உடம்பில் ஏற்றினார். அவள் பிழைத்தாள்!

ரத்தத்தில் பிரிவுகள் உண்டு என்பது அப்போது உலகத்துக்கே தெரியாது. அது கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு 20 ஆண்டுகள் கழித்துத்தான். ரத்தம் ஒத்துப்போகாமல் இருந்தால் அவள் இறந்திருப்பாள். திறமை பாதி, அதிர்ஷ்டம் பாதி.

மறு ஆண்டு தாயாருக்குப் பித்தப்பையில் சீழ் வைத்துவிட்டது. இரவு 2 மணி. சமையலறை மேஜைமேல் தாயைப் படுக்க வைத்து, மகனே கத்தியை எடுத்தார். 7 கற்களை வெளியே எடுத்தார். தாயும் பிழைத்தாள்.

அப்போது அவர் ஒரே சமயத்தில் ஐந்தாறு ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தார். சேம்பர்ஸ் தெருவில் இருந்த ஆஸ்பத்திரியும் அவற்றில் ஒன்று. நகரத்தில் விபத்தில் சிக்கியவர்களை அங்கேதான் கொண்டுவருவார்கள். விளக்கு எரிக்கும் வாயுவைச் சுவாசித்து மயங்கியவர்களும் வருவார்கள். அவர்களுடைய ரத்தத்தை வெளியே எடுத்து, அதில் காற்றுப் படும்படி செய்து, மறுபடியும் உடம்பில் ஏற்றினார் ஹால்ஸ்டெட்!

வந்தது வினை

1884-ல் வியன்னாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. கொக்கேன் மருந்தைக் கண்ணில் விட்டால், வலி தெரியாமல் கண்ணை ஆபரேஷன் செய்யலாம் என்றது அந்தச் செய்தி.

கண்ணுக்கு மட்டும் ஏன்? உடம்பின் மற்றப் பாகங்களுக்கும் ஆகாதா? ஹால்ஸ்டெட் சோதனையில் இறங்கினார். அவரும் நண்பர்களும் மாணவர்களும் ஒருவருக்கொருவர் ஊசி போட்டுக்கொண்டார்கள். நரம்பின் அருகே மருந்து பட்டால், அந்த நரம்பு போகும் இடம் முழுவதும் மரத்துப் போகும் என்று கண்டார்கள். இன்று பல் பிடுங்குமுன் தாடையில் ஊசி போடுகிறார்களே, அதற்கு வழிகாட்டிய சோதனை இதுதான்.

ஆனால் கொக்கேன் ஆளை அடிமையாக்கும் என்பதை அவர்கள் அறியவில்லை. ஹால்ஸ்டெட் அதற்கு அடிமையானார். கூட இருந்த சில இளம் டாக்டர்களின் வாழ்வும் அதோடு முடிந்தது. 1885-ல் ஹால்ஸ்டெட் எழுதிய கட்டுரை ஒன்று அச்சில் வந்தது. தலையும் இல்லை, வாலும் இல்லை. படித்தவர்கள் திகைத்தார்கள்.

வில்லியம் வெல்ச் என்ற நண்பர் கைவிடவில்லை. பழக்கத்தை விட ஹால்ஸ்டெட் கடற்பயணம் போனார். பயனில்லை. 1886-ல் மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்தார். அங்கே கொக்கேனை மாற்ற மார்பியா கொடுத்தார்கள். ஒன்றை விடப் போய், இன்னொன்று பிடித்துக்கொண்டது!

ரப்பர் கையுறை

வெல்ச் அவரைப் பால்டிமோர் நகருக்கு வரவழைத்தார். 1889-ல் அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறந்தது. ஹால்ஸ்டெட்டுக்கு ஆபரேஷன் பிரிவில் வேலை கிடைத்தது. மறு ஆண்டு அவரே அதன் தலைவரானார்.

ஆபரேஷன் அறையில் கரோலின் ஹாம்டன் என்ற நர்ஸ் இருந்தாள். கிருமியைக் கொல்லும் ரசக் கலவையில் கையை முக்கி முக்கி, அவள் கையெல்லாம் புண். வேலையை விட்டுவிடுவாளோ என்று ஹால்ஸ்டெட் கவலைப்பட்டார். குட்இயர் ரப்பர் கம்பெனிக்குச் சொல்லி மெல்லிய கையுறைகள் செய்து வரவழைத்தார். கை ஆறியது. 1890-ல் அவளையே கல்யாணமும் செய்துகொண்டார்!

கையுறை நோயாளியையும் காக்கும் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை. சில ஆண்டுகள் கழித்து அவருடைய உதவி டாக்டர் ஒருவர் எல்லா ஆபரேஷனிலும் கையுறை போட ஆரம்பித்தார். புண் சீழ் வைப்பது குறைந்தது. இவ்வளவு நாள் இது புலப்படாமல் போயிற்றே என்று ஹால்ஸ்டெட் பிற்காலத்தில் வருந்தினார்.

கல்யாணம் கூடாது!

ஐரோப்பாவில் பார்த்ததை அவர் மறக்கவில்லை. தன்னிடம் வந்த இளம் டாக்டர்களுக்குக் கடுமையான முறையை வகுத்தார்.

ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்க வேண்டும். கல்யாணம் கூடாது. இரவு பகல் எப்போது கூப்பிட்டாலும் வர வேண்டும். இத்தனை ஆண்டுதான் என்ற கணக்கும் கிடையாது. சுமார் 6 ஆண்டு உதவியாளர். அதில் தேறினால் இன்னும் 2 ஆண்டு ஹவுஸ் சர்ஜன். பலர் சேருவார்கள், உச்சிக்குப் போவது ஒருவர். 33 ஆண்டுகளில் அந்த உச்சிப் பதவியைக் கண்டவர்கள் 17 பேர்தான்.

சொல்லிக் கொடுப்பதில் அவர் கெட்டிக்காரர் அல்ல. பேச்சு குறைவு. பல நாள் வரவே மாட்டார். அப்போது ஆபரேஷன் முழுவதும் இளைஞர்கள் கையில்தான். பொறுப்பைச் சுமந்தே கற்றார்கள். மூளை ஆபரேஷனில் உலகப் புகழ் பெற்ற ஹார்வி குஷிங் அவர்களில் ஒருவர்.

இந்த முறை அமெரிக்கா முழுவதும் பரவியது. திறமையும் பரவியது; தூக்கமின்மையும் பரவியது. 36 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்வது இளம் டாக்டர்களுக்குச் சாதாரணம் ஆயிற்று. 1984-ல் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில், அவசரப் பிரிவுக்கு வந்த 18 வயதுப் பெண் சில மணி நேரத்தில் இறந்தாள். இளம் டாக்டர்களின் ஓய்வில்லாத வேலை பற்றி அவள் தந்தை கேள்வி எழுப்பினார். வழக்கும் விசாரணையும் நடந்தன. 1989-ல் நியூயார்க் மாநிலம் விதி செய்தது: வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, கூட்டம் மிகுந்த அவசரப் பிரிவில் தொடர்ந்து 12 மணிக்கு மேல் நிற்க வைக்கக் கூடாது. 2003-ல் 80 மணி விதி அமெரிக்கா முழுவதற்கும் வந்தது.

பூட்டி வைத்த ரகசியம்

ஹால்ஸ்டெட் ஏன் பல நாள் வரவில்லை? உடன் வேலை செய்த டாக்டர் வில்லியம் ஆஸ்லருக்கு விஷயம் தெரியும். மார்பியா பழக்கம் ஹால்ஸ்டெட்டை விடவில்லை. ஆஸ்லர் அதை எழுதிப் பூட்டி வைத்தார். அந்தக் குறிப்பு 1969-ல்தான் வெளியே வந்தது. அதுவரை அவர் முழுக்கக் குணமடைந்துவிட்டார் என்றே பலர் நம்பினார்கள்.

தாயாருக்கு வந்த பித்தப்பை நோய் மகனுக்கும் வந்தது. 1919-ல் ஓர் ஆபரேஷன். 1922-ல் மறுபடியும். கத்தி பிடித்தவர்கள் அவரிடம் பயின்ற டாக்டர்களே. ஆனால் நுரையீரலில் சளிக் காய்ச்சல் கண்டது. செப்டம்பர் 7-ந் தேதி ஹால்ஸ்டெட் காலமானார். வயது 69. குழந்தைகள் இல்லை. நவம்பரில் கரோலினும் இறந்துபோனாள்.